அமெரிக்காவில் மெயில்-இன் ரிபேட்: வாங்குபவருக்கும் நிறுவனத்துக்கும் முழுமையான வழிகாட்டி

அலமாரி அட்டையில் பெரிய எழுத்தில் 69.99 டாலர் என்றிருக்கும். அதற்குக் கீழே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும்: "மெயில்-இன் ரிபேட்டுக்குப் பிறகு". கல்லாவில் நீங்கள் கட்டப்போவது 99.99 டாலர். மீதி 30 டாலர், படிவத்தை நிரப்பி, ரசீதையும் பெட்டியிலிருந்து வெட்டிய பார்கோடையும் தபாலில் அனுப்பினால், பல வாரங்கள் கழித்து செக்காகவோ ப்ரீபெய்ட் கார்டாகவோ வரும்.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். உற்பத்தியாளர் தரும் ரிபேட்டுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை வரி முழு விலைக்குத்தான். 8 சதவீத வரி என்றால் கடையில் கட்டுவது 107.99. ரிபேட் வந்த பிறகும் உங்கள் செலவு 77.99, அட்டையில் இருந்த 69.99க்கு வரி போட்டால் வரும் 75.59 அல்ல. தபால்தலை, உறை செலவு தனி.

ஆகவே வாங்கலாமா என்ற முடிவை முழு விலையை வைத்து எடுங்கள். ரிபேட் வராமலே போனாலும் அந்த விலைக்கு அந்தப் பொருள் வேண்டும் என்றால் வாங்கலாம். ரிபேட் வந்தால்தான் கட்டுப்படியாகும் என்றால், வேறு கடையில் நேரடித் தள்ளுபடி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

எங்கே இன்னும் இருக்கிறது?

"இன்ஸ்டன்ட் ரிபேட்" என்று போட்டிருந்தால் தொகை பில்லிலேயே கழிந்துவிடும். உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது அல்ல.

2000களின் தொடக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் முழுக்க மெயில்-இன் ரிபேட்தான். வாடிக்கையாளர்களின் எரிச்சல் அளவு மீறியதால், இரண்டு ஆண்டுகளில் கைவிடுவதாக பெஸ்ட் பை 2005இல் அறிவித்தது. ஆஃபீஸ்மேக்ஸ் 2006இல் நிறுத்தியது. இன்று கார் டயர், கான்டாக்ட் லென்ஸ், கணினி உதிரிபாகங்கள், பெயின்ட் ஆகியவற்றில் அதிகம் பார்க்கலாம். மத்திய மேற்கு மாநிலங்களில் மெனார்ட்ஸ் கடையின் 11 சதவீத ரிபேட் பிரபலம். அது பணமாக வராது, அதே கடையில் செலவழிக்கும் கிரெடிட்டாகத்தான் வரும். பல நிறுவனங்கள் தபாலுக்குப் பதில் இணையத்தில் ரசீதின் படத்தை ஏற்றச் சொல்கின்றன. வழி மாறினாலும் விதிகள் அவையேதான்.

வாங்கும் முன்: படிவத்தின் பொடி எழுத்து

படிவத்தைக் கடையிலோ உற்பத்தியாளரின் தளத்திலோ எடுத்து, பணம் கட்டுவதற்கு முன்பே படியுங்கள். வீட்டுக்கு வந்து படித்தால் பாதி வழிகள் அடைபட்டிருக்கும். பார்க்க வேண்டியவை:

1. வாங்கும் தேதி வரம்பு. சலுகை ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது என்றால் சனிக்கிழமை ரசீது செல்லாது. இணையத்தில் வாங்கினால் ஆர்டர் தேதியா, பொருளை அனுப்பிய தேதியா என்றும் பாருங்கள்.

2. மாடல் எண். ஒரே பொருளின் கறுப்பு நிறத்துக்கு ரிபேட் உண்டு, வெள்ளைக்கு இல்லை என்பது சாதாரணம். படிவத்தில் உள்ள யூபிசி எண்ணை (பார்கோடின் கீழே அச்சாகும் பொருள் எண்) பெட்டியின் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள்.

3. எந்தக் கடைகளில் வாங்கினால் செல்லும். இணையச் சந்தைகளில் மூன்றாம் நபர் விற்பனையாளரிடம் வாங்கியது பெரும்பாலும் தள்ளப்படும்.

4. ஒரு வீட்டுக்கு எத்தனை. பெயர் வேறாக இருந்தாலும் ஒரே முகவரி என்றால் ஒரே வீடு. அறை பகிர்ந்து வாழும் நண்பர்கள் இதில்தான் மாட்டுவார்கள்: முதலில் அனுப்பியவருக்கு வரும், அடுத்தவருக்கு "ஏற்கெனவே பெற்றாயிற்று" என்று பதில் வரும். தபால் பெட்டி எண்ணை உங்கள் முகவரியாகக் கொடுப்பதையும் பல சலுகைகள் ஏற்பதில்லை.

5. கடைசி நாள். "இந்தத் தேதிக்குள் தபால் முத்திரை விழ வேண்டும்" என்பதும் "இந்தத் தேதிக்குள் எங்களுக்கு வந்து சேர வேண்டும்" என்பதும் வேறு வேறு. இரண்டாவது என்றால் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக அனுப்புங்கள்.

6. பணம் எந்த வடிவில் வரும். செக், ப்ரீபெய்ட் கார்டு, கடை கிரெடிட் மூன்றுக்கும் மதிப்பு ஒன்றல்ல.

டயர் வாங்குபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. சலுகை பெரும்பாலும் 4 டயர் சேர்த்து வாங்கினால் மட்டும். கடை பில்லில் அளவு மட்டும் அச்சாகி மாடல் பெயர் இல்லாமல் போவதுண்டு. அந்த பில் நிராகரிக்கப்படும். மாடல் பெயரோடு பில் அடிக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கான்டாக்ட் லென்ஸுக்குக் கண் பரிசோதனை ரசீதும் கேட்கலாம், பெட்டிகளின் ஓர மடிப்பையும் கேட்கலாம். பெரிய தொகை முழு ஆண்டுக்கான பெட்டிகளை ஒரே முறையில் வாங்குபவர்களுக்குத்தான். பாதி வாங்கினால் ரிபேட் பாதியாக அல்ல, அதைவிடக் குறைவாகவோ ஒன்றுமில்லாமலோ போகும்.

வாங்கும் நாளில்

ஒரு பொருளுக்குக் கடை ரிபேட் ஒன்று, உற்பத்தியாளர் ரிபேட் ஒன்று என இரண்டு இருக்கலாம். இரண்டுமே அசல் ரசீது கேட்டால் கல்லாவிலேயே ரசீதின் இரண்டாம் பிரதி கேளுங்கள். இரண்டு வேறு பொருள்களுக்கு இரண்டு ரிபேட் என்றால் இரண்டு பில்லாகப் போடச் சொல்லுங்கள். அசல் பார்கோடு இரண்டு இடத்துக்கு வேண்டுமென்றால் வழியில்லை. எது பெரிய தொகையோ அதற்கு அனுப்பலாம். சில படிவங்களில் "நகல் போதும்" என்றிருக்கும், அதைக் கவனியுங்கள்.

கிஃப்ட் ரசீதில் விலை இருக்காது. பெட்டிக்குள் வரும் பேக்கிங் சீட்டும் பெரும்பாலும் செல்லாது. இணையத்தில் வாங்கியவர்கள் கடையின் பெயர், தேதி, பொருளின் பெயர், விலை நான்கும் உள்ள இன்வாய்ஸைத் தங்கள் கணக்கிலிருந்து எடுத்து அச்சிட வேண்டும். கடை ரசீது வெப்பத்தாள் என்பதால் எழுத்து மங்கும். அன்றைக்கே படமெடுத்து வையுங்கள்.

பார்கோடு வெட்டுவது

இங்கேதான் திரும்பிப் போக முடியாத கட்டம். பார்கோடு வெட்டிய பெட்டியைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது. ஆனால் ரிபேட்டுக்கான கெடு பல சமயம் வாங்கிய நாளிலிருந்து 30 நாள்தான். திருப்பித் தரும் கெடுவும் ஏறத்தாழ அதே அளவுதான். இரண்டையும் முழுதாகப் பயன்படுத்த முடியாது. செய்யக்கூடியது: வாங்கிய அன்றே பொருளை வெளியே எடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். பவர் சப்ளை, மதர்போர்டு போன்றவற்றைப் பொருத்தி ஒரு வாரமாவது உழைக்க விட்டு, அதற்குப் பிறகு கத்தியை எடுங்கள். பழுது என்று தெரிந்தால் கடையிலேயே மாற்றிக்கொண்டு, மாற்றிக் கிடைத்த பெட்டியின் பார்கோடை வெட்டுங்கள்.

பெட்டியில் மூன்று நான்கு பார்கோடுகள் இருக்கும். வேண்டியது 12 இலக்க யூபிசி. பொருளுக்குப் பொருள் மாறும் வரிசை எண்ணின் பார்கோடு அது அல்ல. கடை தன் கணக்குக்காக ஒட்டிய ஸ்டிக்கரும் அல்ல. கணினி உதிரிபாகங்களுக்குச் சில சமயம் யூபிசி, வரிசை எண் இரண்டையும் கேட்பார்கள். இரண்டும் அருகருகே இருந்தால் ஒரே துண்டாக வெட்டுங்கள். வாரன்டிக்கும் வரிசை எண் தேவைப்படும், வெட்டும் முன் குறித்து வையுங்கள்.

கோடுகளைச் சுற்றி விரல் அகலம் விட்டு, கீழே உள்ள எண்களோடு சேர்த்து வெட்ட வேண்டும். நெளி அட்டையாக இருந்தால் அச்சிட்ட மேல் அடுக்கை மட்டும் பொறுமையாக உரித்தெடுப்பது நல்லது. காரணம் தபால்துறை: கடிதமாகப் போகும் உறை கால் அங்குலத்துக்கு மேல் தடிக்கக் கூடாது. ஒரு தபால்தலைக்கு 1 அவுன்ஸ் வரைதான் எடை. உறை சீரில்லாமல் புடைத்திருந்தால் இயந்திரத்தில் ஓடாது என்று கூடுதல் கட்டணம் கேட்பார்கள். தபால்தலை பற்றாத உறை உங்களிடமே திரும்பும்போது கெடு முடிந்திருக்கும்.

உறையைக் கட்டுவது

படிவத்தைக் கறுப்பு மையில், தனித்தனிப் பெரிய எழுத்துகளில் நிரப்புங்கள். அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். அபார்ட்மென்ட் எண்ணை அவர் தவறாகப் படித்தால் செக் வேறு கதவுக்குப் போகும். நம் நீளமான பெயர்கள் கட்டங்களுக்குள் அடங்காது என்பதால் ஒன்றைக் கவனியுங்கள்: வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் படிவத்துப் பெயரும் ஒத்திருக்க வேண்டும். முதலெழுத்தை மட்டும் போட்டு வரும் செக்கை வங்கி கேள்வி கேட்கலாம். மின்னஞ்சல் முகவரி கேட்டால் கொடுங்கள். விளம்பரம் வரும்தான், ஆனால் "குறை இருக்கிறது, திருத்தி அனுப்பு" என்ற செய்தியும் அதே வழியில்தான் வரும். இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்வது வசதி.

ரசீதில் தேதி, பொருள், விலை மூன்றையும் வட்டமிடுங்கள். பார்கோடின் பின்பக்கம் பெயர், முகவரி எழுதுங்கள். உறை பிரிக்கப்படும்போது துண்டுகள் பிரிந்து போகும். கோடுகளின் மேல் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். கையெழுத்துக் கேட்டிருந்தால் போடுங்கள். ஓர் உறையில் ஒரு ரிபேட் மட்டும்.

ஒட்டும் முன் எல்லாவற்றையும் படமெடுங்கள்: நிரப்பிய படிவத்தின் இரு பக்கம், ரசீது, வெட்டிய பார்கோடு, முகவரி எழுதிய உறை. முகவரியில் வரும் சலுகை எண், துறை எண்ணை விடாதீர்கள். உற்பத்தியாளருக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஒரே செயலாக்க நிறுவனத்துக்குப் பல நிறுவனங்களின் உறைகள் வரும். அந்த எண்ணை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

தெருமுனைப் பெட்டியில் போட்ட அன்றே முத்திரை விழும் என்று நம்பாதீர்கள். உறை மையத்துக்குப் போய் இயந்திரத்தில் ஓடும் நாள்தான் பதியும். கெடு நெருங்கிவிட்டால் தபால் நிலையக் கவுண்டரில் கொடுத்து, கண்ணெதிரே கையால் முத்திரை குத்தச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. தொகை பெரிதென்றால் "சர்டிஃபிகேட் ஆஃப் மெயிலிங்" வாங்குங்கள். சிறிய கட்டணம்தான். போய்ச் சேர்ந்ததற்கு அது சான்றல்ல, அன்று அனுப்பினீர்கள் என்பதற்குச் சான்று. கெடு தகராறில் தேவைப்படுவது அதுதான்.

காத்திருப்பு, நிராகரிப்பு

படிவத்தில் 6 முதல் 8 வாரம் அல்லது 8 முதல் 12 வாரம் என்றிருக்கும். அனுப்பிய மூன்றாம் வாரம் நிலையைத் தளத்தில் பார்க்க நாட்காட்டியில் குறித்து வையுங்கள். "கிடைத்தது" என்றுகூட வரவில்லை என்றால் அப்போதே போன் செய்யுங்கள்.

நிராகரிப்பு வந்தால் எழுதியிருக்கும் காரணத்தை நகல்களோடு ஒப்பிடுங்கள். தவறான யூபிசி, தேதிக்கு வெளியே வாங்கியது, விடுபட்ட பார்கோடு, ஏற்கெனவே பெற்ற முகவரி: பெரும்பாலானவை இந்த நான்குக்குள் அடங்கும். "பார்கோடு வரவில்லை" என்பதற்கு, வெட்டிய துண்டின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினாலே பல சமயம் தீர்ந்துவிடும். படம் இல்லாதவருக்கு வாதாட ஒன்றுமில்லை. டெக்சாஸ் சட்டம், குறையுள்ள விண்ணப்பத்தை அப்படியே தூக்கிப் போடாமல் வாடிக்கையாளருக்குத் தெரிவித்துத் திருத்த வாய்ப்புத் தரச் சொல்கிறது.

கெடு கடந்தும் வரவில்லையா? முதலில் செயலாக்க நிறுவனம், அடுத்து உற்பத்தியாளர், கூடவே விற்ற கடை. அதற்கும் பலனில்லை என்றால் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும், நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷனிலும் புகார் பதியலாம். சொன்ன காலத்துக்குள் ரிபேட்டை அனுப்ப வேண்டும், காலம் சொல்லவில்லை என்றால் நியாயமான காலத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது அந்தக் கமிஷன் நிலைப்பாடு. சலுகை தொடங்கிய பிறகு விதிகளை மாற்றவும் முடியாது.

பணம் வந்த பிறகும் வேலை இருக்கிறது

செக் பல சமயம் மடித்த அட்டை போல, குப்பை விளம்பரம் மாதிரியே வரும். எத்தனையோ செக்குகள் பிரிக்காமலே குப்பைக்குப் போகின்றன. அதில் "90 நாளுக்குப் பின் செல்லாது" என்றிருக்கலாம்; எதுவும் இல்லாவிட்டாலும் 6 மாதம் கடந்த செக்கை ஏற்க வங்கிக்குக் கடமை இல்லை. வந்த அன்றே போனில் படமெடுத்து டெபாசிட் செய்யுங்கள்.

ப்ரீபெய்ட் கார்டுதான் தொல்லை. 2009ஆம் ஆண்டின் கிரெடிட் கார்டு சட்டம், கிஃப்ட் கார்டுக்குக் குறைந்தது 5 ஆண்டு ஆயுள் வேண்டும் என்கிறது. ஆனால் ரிபேட் கார்டு சலுகைக் கார்டு வகையில் சேர்ந்து அந்தப் பாதுகாப்பிலிருந்து நழுவிவிடுகிறது. சில மாதங்களிலேயே காலாவதியாகலாம். இன்னொன்று, 30 டாலர் கார்டை 30.00 டாலருக்குச் சரியாகச் செலவழிப்பது கடினம். பெட்ரோல் பம்பில் நேரடியாகச் செருகினால் இயந்திரம் முன்கூட்டியே பெரிய தொகையைப் பிடிக்கப் பார்த்து கார்டை மறுக்கும். உள்ளே போய்க் காசாளரிடம் தொகை சொல்லிக் கட்டலாம். அல்லது வழக்கமாக வாங்கும் இணையக் கடையின் கிஃப்ட் பேலன்ஸை அந்தத் தொகைக்குச் சரியாக வாங்கி, ஒரே முறையில் தீர்த்துவிடலாம்.

சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளின் ரிபேட் வருமானம் அல்ல, வரித் தாக்கலில் காட்ட வேண்டியதில்லை. வாங்கிய விலை குறைந்ததாகவே கணக்கு. தொழிலுக்கு வாங்கிச் செலவாகக் காட்டியிருந்தால் அந்தச் செலவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் ஏன் நேராக விலையைக் குறைப்பதில்லை?

ஒரு கணக்குப் போடுவோம். 10,000 பொருள் விற்பதாக வைத்துக்கொள்வோம். விலையை 30 டாலர் குறைத்தால் செலவு 3,00,000 டாலர். அதே 30 டாலரை ரிபேட்டாக அறிவித்து, 40 சதவீதம் பேர் கேட்டால் 1,20,000. ஒரு விண்ணப்பத்துக்கு 2 டாலர் செயலாக்கச் செலவு என்றால் இன்னொரு 8,000. பொருளுக்கு 12.80 டாலர்தான் ஆகிறது. அட்டையில் தெரிவதோ 30 டாலர் குறைப்பு. கேட்காமல் விட்டதைத் தொழிலில் "பிரேக்கேஜ்" என்பார்கள். அனுப்பியும் மாற்றப்படாத செக் "ஸ்லிப்பேஜ்".

இது மட்டும்தான் காரணம் என்று நினைப்பது பாதி உண்மை. உற்பத்தியாளர் மொத்த விலையைக் குறைத்தால் கடைக்காரர் அதை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று கட்டாயமில்லை, தன் லாபத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ரிபேட் கடையைத் தாண்டி வாங்குபவரிடமே போகிறது. அதோடு, மொத்த விலையைக் குறைத்தால் கடைகளில் ஏற்கெனவே கிடக்கும் சரக்குக்கும் வித்தியாசத்தை ஈடுகட்ட வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். எலக்ட்ரானிக்ஸில் இது பெரிய தொகை. ரிபேட் போட்டால் விற்ற பொருளுக்கு மட்டும் செலவு. சலுகை முடிந்ததும் விலையை "ஏற்றியதாக" யாரும் சொல்லவும் மாட்டார்கள். விலைக்கு அலைபவர் நேரம் செலவழித்து வாங்கிக்கொள்வார். நேரத்துக்கு அலைபவர் முழு விலை கொடுப்பார்.

நடத்தும் முறை இப்படி: செயலாக்க நிறுவனம் சலுகைக்கு ஓர் எண்ணும் தபால் பெட்டியும் ஒதுக்கும். உறைகளைப் பிரித்து, ஸ்கேன் செய்து, தட்டச்சு செய்து, தேதி, யூபிசி, கடை, முகவரி நான்கையும் விதிகளோடு ஒப்பிடும். தேறியவற்றின் பட்டியல் உற்பத்தியாளருக்குப் போகும். அவர் பணம் கட்டிய பிறகே செக் அச்சாகும். "ஏற்கப்பட்டது" என்று தளத்தில் வந்தும் வாரக்கணக்கில் செக் வராததற்கு இந்த இடைவெளிதான் பல சமயம் காரணம்.

சலுகையைத் திட்டமிடுபவர்கள் அதிகம் தவறுவது மதிப்பீட்டில். மேலே சொன்ன கணக்கில் 80 சதவீதம் பேர் கேட்டால் செலவு 2,56,000 டாலர். விலையோடு ஒப்பிட ரிபேட் பெரிதாகப் பெரிதாக, கேட்பவர் விகிதமும் ஏறும். இதன் உச்சம் சைபர்ரிபேட்.காம்: பொருளை ஏற்றிய விலைக்கு விற்று, பலவற்றுக்கு முழுத் தொகையையும் ரிபேட்டாகத் தருவதாகச் சொன்ன நியூயார்க் மாநில நிறுவனம். 2001 மே மாதம் திவாலானது. ரிபேட்டுக்குக் காத்திருந்தவர்கள், ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நின்றார்கள். "ரிபேட்டுக்குப் பின் இலவசம்" என்பதைப் பார்க்கும்போது, பணம் தருவது யார், இன்னும் மூன்று மாதம் அவர் இருப்பாரா என்று கேட்டுக்கொள்வது வாங்குபவருக்கும் நல்லது.

நிறுவனத்தின் கணக்கேட்டில், தர வேண்டிவரும் ரிபேட்டை விற்ற அன்றே வருவாயிலிருந்து கழித்துக் கடன் பொறுப்பாகக் காட்ட வேண்டும். செக் எழுதும்போது செலவு எழுதுவது தவறு. முன் அனுபவம் இல்லாத பொருளுக்குக் குறைந்த விகிதத்தை ஊகித்துப் போடக் கூடாது.

சட்டத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் உண்டு. கனெக்டிகட், ரோட் ஐலண்ட் இரண்டிலும், ரிபேட் கழித்த விலையை இறுதி விலையாக விளம்பரம் செய்யும் கடை அந்தத் தொகையைக் கல்லாவிலேயே கழிக்க வேண்டும். நியூயார்க்கில் விண்ணப்பிக்கக் குறைந்தது 14 நாள் தர வேண்டும், சரியான விண்ணப்பம் வந்து 60 நாளுக்குள் அனுப்ப வேண்டும். உற்பத்தியாளர் தராவிட்டால் கடைக்குப் பொறுப்பில்லை என்றும் இருந்துவிட முடியாது: கியூபிஎஸ் என்ற உற்பத்தியாளர் ரிபேட் தராமல் இழுத்தடிப்பது தெரிந்தும் தொடர்ந்து விளம்பரம் செய்ததாக காம்ப்யூஎஸ்ஏ கடைச் சங்கிலி மீது ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து, 2005இல் பாக்கியைத் தர வைத்தது.

மாற்றப்படாத செக்குகளை நிறுவனம் லாபமாக எழுதிக்கொள்ளும் முன் கோரப்படாத சொத்துச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பல மாநிலங்களில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தொகை மாநிலக் கருவூலத்துக்குப் போக வேண்டியிருக்கும். வாங்குபவருக்கு இதில் ஒரு வழி இருக்கிறது: வீடு மாறியதால் தவறிப்போன பழைய செக் ஏதேனும் உங்கள் பெயரில் கிடக்கிறதா என்று மாநிலத்தின் கோரப்படாத சொத்துத் தளத்திலோ, பல மாநிலங்களைச் சேர்த்துத் தேடும் மிஸ்ஸிங்மணி.காமிலோ இலவசமாகப் பார்க்கலாம். பழைய முகவரிகள் ஒவ்வொன்றுக்கும், பெயரை எழுதக்கூடிய எல்லா எழுத்துக்கோவையிலும் தேடுங்கள்.